யாழ்ப்பாணத்து ஆண்மக்கட் பெயர்கள்: பழமையும் புதுமையும்

ஒரு பெயர் கேட்பதற்கு இனியதா, காலங்கடந்ததா என்பது அவரவர் செவியின் தீர்ப்பே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், ஒரு தலைமுறையினர் விரும்பிச் சூட்டிய பெயர்களை அடுத்த தலைமுறையினர் ஒருசேரக் கைவிடுவதனைத் தனிமனித இரசனை கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. யாழ்ப்பாணத்து ஆண்மக்கட் பெயர்கள் கடந்த இரு நூற்றாண்டுகளில் அடைந்த மாற்றங்களை நோக்கும்போது, இத்தீர்ப்பின் பின்னே சாதி, சமயம், கல்வி, அரசியல் ஆகியன நின்று தொழிற்பட்டமை புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சைவக் குடும்பங்களிற் பெரிதும் வழங்கியவை கந்தையா, ஆறுமுகம், கதிரவேலு, பொன்னம்பலம், அம்பலவாணர், சின்னத்தம்பி முதலான பெயர்களாகும். முருக வழிபாடும் சிதம்பரத் தொடர்பும் இவற்றுட் பலவற்றில் வெளிப்படை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் மரபாயிருந்தது. 'பெயரன்' என்னும் சொல்லே 'பேரன்' ஆயிற்று. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கிற் பாட்டனையும் 'பேரன்' என்றே குறிப்பர். அருணாசலம் என்பாரின் மகன் பொன்னம்பல முதலியார்; அவர்தம் மகன் சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924). இம்மரபு நிலவியவரை ஒரு பெயர் பழையதாயிருத்தல் அதற்குக் குறையாகாது, தகுதியாகவே கொள்ளப்பட்டது.

எனினும் அத்தகுதி எல்லோர்க்கும் உரியதாயிருக்கவில்லை. 'பிள்ளை', 'ஐயா', 'அம்பலம்' போன்ற ஈறுகளை உயர்சாதியினர் தமக்கே உரியனவாகக் கொண்டனர். ஒடுக்கப்பட்ட சாதியினரோ கந்தன், வேலன், சின்னன் எனக் குறுகிய பெயர்களாலேயே அறியப்பட்டனர். ஒரே கடவுளின் பெயர் ஒரு வீட்டிற் கந்தையா எனவும் மற்றொரு வீட்டிற் கந்தன் எனவும் ஒலித்தது. பெயரைக் கேட்ட மாத்திரத்தே சாதியை உணர்த்தும் அடையாளமாக இவ்வேறுபாடு பேணப்பட்டது.

சமய மாற்றமும் பெயர்களைப் பாதித்தது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதன் பின்னர் பரவிய கத்தோலிக்கப் பெயர்கள் சந்தியாப்பிள்ளை, சூசைப்பிள்ளை, அந்தோனிப்பிள்ளை எனத் தமிழ் ஈறு பெற்று மண்ணோடு கலந்தன. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே நிறுவிய செமினரியின் வழக்கம் வேறானது. மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் அம்மாணவர்க்குச் சூட்டப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் பெயர்களில் இருவேறு உலகங்கள் அருகருகே நிற்கின்றன. இவ்வேற்றுப் பெயர்களைப் பெற்றோர் விரும்பித் தெரிந்தனர் எனல் பொருந்தாது. அவை கல்விக்குக் கொடுத்த விலை எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் மதிப்புப் பெற்றன. வெள்ளை அதிகாரியைக் குறித்த 'துரை' என்னும் சொல்லைக் கொண்ட செல்லத்துரை, ஐயாத்துரை, இராசதுரை ஆகிய பெயர்கள் அக்காலத்து ஆசைகளோடு பொருந்தின. இவற்றை அடுத்து இராஜேந்திரன், மகேந்திரன், யோகேஸ்வரன், ஸ்ரீஸ்கந்தராஜா போன்ற வடமொழிப் பெயர்கள் பெருகின. தந்தை வேலுப்பிள்ளை, மகன் எஸ். ஜே. வி. செல்வநாயகம் (1898–1977), பேரன் சந்திரகாசன். ஒரே குடும்பத்தின் இம்மூன்று பெயர்களும் மூன்று காலங்களைக் காட்டுகின்றன.

இப்புதுப் பெயர்களை மரபை மறந்த வெற்று நாகரிகம் என ஒதுக்குதல் எளிது. ஆயின், இவற்றிற் பழைய சாதி ஈறுகள் இல்லை என்பதை மறத்தலாகாது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சாதி காரணமான தடைகளைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. வேலனின் மகன் மகேந்திரன் எனப் பாடசாலை இடாப்பிற் பதியப்பட்டபோது, பெயரளவிலேனும் அவன் பிறருக்குச் சமமானான். ஒரு சாராருக்கு மரபின் இழப்பாகத் தோன்றியது, மறுசாராருக்கு இழிவினின்று விடுபடும் வழியாயிற்று.

மொழியுணர்வு மற்றொரு திருப்பத்தைத் தந்தது. சுவாமி வேதாசலம் 1916இல் மறைமலையடிகள் ஆனமை தமிழகத்தில் தனித்தமிழ்ப் பெயர்களுக்கு வழிகாட்டிற்று. ஈழத்திலே சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்னும் குருவானவர் தம் மூதாதையர் பெயரை ஏற்றுத் தனிநாயகம் அடிகள் (1913–1980) ஆனார். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர் இளங்கோ, சேரன், தமிழ்ச்செல்வன் போன்ற பெயர்கள் கவர்ச்சி பெற்றன. சங்ககாலச் சேரனின் பெயர் புதிதாக ஒலிக்க, பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் தாங்கிய பெயர் காலங்கடந்ததாகக் கருதப்பட்டமை கவனித்தற்குரியது. ஆண்டுகளின் எண்ணிக்கை ஒரு பெயரைப் பழையதாக்குவதில்லை. அப்பெயர் எத்தகைய வாழ்க்கையை நினைவூட்டுகின்றது என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது.

1983ஆம் ஆண்டின் பின்னரான பெரும் புலப்பெயர்வு எதிர்பாராத விளைவொன்றை ஏற்படுத்திற்று. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிடும் வழக்கம் மேலைநாட்டுப் பதிவேடுகளுக்குப் பொருந்தாமையால், தந்தையின் பெயரே குடும்பப் பெயராயிற்று. 2015இற் கனடிய நாடாளுமன்றத்திற்குத் தெரிவான ஹரி ஆனந்தசங்கரியின் குடும்பப் பெயர் அவர் தந்தையாரின் சொந்தப் பெயரே. இவ்வாறே பிள்ளைகளுக்கு எவரும் இட விரும்பாத கந்தையாவும் செல்லத்துரையும் கடவுச்சீட்டுகளிலே குடும்பப் பெயர்களாக நிலைபெற்றுள்ளன.

எனவே, பெயர் பற்றிய விருப்பு வெறுப்புகளை வெறும் செவிச்சுவையாகக் கொள்ளாது சமூக வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும். பழைய பெயர்களின் இனிமையை மீட்க விழைதல் வரவேற்கத்தக்கதே. அவ்வாறு விழைவோர், அப்பெயர்கள் ஒருகாலத்தில் எல்லோர்க்கும் இடப்படக்கூடியனவாய் இருக்கவில்லை என்பதையும் உடன் நினைவிற் கொள்ளுதல் தகும்.