காறை எலும்பு முறிவும் அறுவைச் சீரமைப்பும்

காறை எலும்பு என்பது மார்பெலும்பின் உச்சியையும் தோள்முனையையும் இணைக்கும் வளைந்த எலும்பு. கையை ஊன்றி விழுவதால்தான் இது உடைகிறது என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. தோளே நேராகத் தரையில் மோதுவதுதான் பெரும்பாலும் காரணம் என்று 1988-இல் வந்த ஆய்வு காட்டியது.

அந்த மோதல் எங்கே நேர்கிறது என்பதற்கு நெய்வேலியைப் பார்க்கலாம். சுரங்க ஊர் என்றதும் மண் சரிந்து எலும்பு உடையும் காட்சிதான் மனதில் எழும். 1957-இல் நேரு தொடங்கிவைத்த இந்தச் சுரங்கமோ திறந்தவெளியானது. மண்ணை வெட்டுபவை ராட்சத வாளிச்சக்கர இயந்திரங்கள். இங்கும் காறை எலும்புக்கு ஆபத்து, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, சாலையில்தான். ஊரை ஒட்டிச் சென்னை–தஞ்சாவூர் நெடுஞ்சாலை. ஷிப்ட் மாறும் நேரத்தில் அதில் டூவீலர்கள். வண்டி சறுக்கினால் முதலில் தரையைத் தொடுவது தோள்.

முறிவுகளில் ஐந்தில் நான்கு எலும்பின் நடுப்பகுதியில் நேர்பவை. அங்கே எலும்பு மெலிந்திருக்கிறது; வளைவு திசை மாறுவதும் அங்கேதான். உடைந்ததும் கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்கும். கையின் பாரம் வெளித்துண்டைக் கீழே தள்ளும். நடு, வெளிமுனை, உள்முனை என்று 1967-இல் மருத்துவர் ஆல்மன் வகுத்த பிரிவு இன்றும் வழக்கில் உள்ளது. வெளிமுனை முறிவுகளை, தசைநார் அறுந்ததா இல்லையா என்று பார்த்து நீர் என்ற அமெரிக்க மருத்துவர் மேலும் பிரித்தார்.

கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தியச் சுவடி, இந்த முறிவுக்கு நோயாளியை மல்லாத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே துணியை மடித்து வைத்து, இரு தோள்களையும் பின்னுக்கு விரிக்கச் சொல்கிறது. பிற்காலத்து எட்டு வடிவக் கட்டும் அதே யோசனைதான். அதைவிடக் கையைத் தூளியில் தொங்கவிடுவதே வலி குறைவு, பலன் ஒன்றே என்று 1987-இல் தெரிந்தது. திருப்பதிப் பக்கத்துப் புத்தூர் கட்டு என்னும் நாட்டு வைத்தியத்தைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் உண்டு. மூங்கில் பத்தையால் கை, காலைப் பிடித்து நிறுத்தலாம். மூச்சுக்கு மூச்சு அசையும் காறை எலும்பை எதில் கட்டுவது? பெரும்பாலும் அது தானாகவே ஒட்டிக்கொள்ளும், பேர் கட்டியவருக்கு.

இந்தத் தானாக ஒட்டும் குணம்தான் அறுவையையும் தள்ளிப்போட்டது. 1960-இல் நீர் தந்த கணக்கில், அறுவையின்றி விட்ட 2,235 பேரில் எலும்பு கூடாதவர்கள் 3 பேர் மட்டும். கத்தி வைக்க யாருக்கும் துணிவில்லை. துண்டுகள் முழுதும் விலகியவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட கனடிய ஆய்வு 2007-இல் வேறு கதை சொன்னது: பிளேட் வைத்த 62 பேரில் 2 பேருக்கும், தூளியில் விட்ட 49 பேரில் 7 பேருக்கும் எலும்பு கூடவில்லை. அதன்பின் அறுவை பெருகியது. என் பார்வையில், தேவைக்கு மேலேயே.

அறுவையில் வளைவுக்கேற்ப வார்த்த பிளேட்டை எலும்பின் மேல் பொருத்தி, இரு பக்கமும் ஸ்க்ரூ முடுக்குவார்கள். டிரில் முனை சற்றே தாண்டினால் கீழே பெரிய ரத்தக்குழாய், அதையடுத்து நுரையீரல். தோல் நரம்பு அறுபட்டால் மார்பின் மேற்புறம் மரத்துப்போகும். வெளிமுனைக்கு வைக்கும் கொக்கிப் பிளேட்டைச் சில மாதங்களில் எடுத்துவிட வேண்டும். விட்டால் தோள்முனை எலும்பை அரிக்கும்.

விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் தமிழக அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தோல் கிழியாத காறை முறிவுக்கு அவ்வளவு அவசரமில்லை; இரண்டு வாரத்துக்குள் பிளேட் வைத்தால் போதும். எனவே பலருக்கு அறுவைச் செலவு அந்த 48 மணி நேரத்தைத் தாண்டி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் கணக்கில்தான் வருகிறது.