ஏரி வாரியத்தில் இல்லாதவர்கள்

பள்ளிப் பாடத்தில் உத்திரமேரூர் என்றால் குடவோலை. மேடைகளில் ஜனநாயகத்தின் தொட்டில். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் என் கண் நிற்பது ஓர் எண்ணில். ஊரின் 30 குடும்புகளிலிருந்து குடவோலையில் எடுக்கப்பட்டவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பதவி. இன்றைய அரசுமொழியில் சொன்னால், அந்த ஆறு பேர்தான் ஊரின் பேரிடர் மேலாண்மைக் குழு.

மிகையாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும், இல்லையென்றால் பொய்க்கும். இரண்டுக்கும் ஒரே காப்பு ஏரி. தூர்ந்த ஏரி என்றால் கோடையில் பஞ்சம். கரை இளகிய ஏரி என்றால் ஒரே இரவில் வெள்ளம். ஏரிகள் சங்கிலியாகத் தொடுத்தவை: மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு நீர், மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரியும் தாங்காது. ஆகவே வருடா வருடம் வண்டல் எடுக்க வேண்டும், அதைக் கரையில் போட வேண்டும். உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். பல்லவன் தந்திவர்மனின் விருதுப்பெயர் அது. அந்த ஏரியைத் தூர்வாரப் பொன் வைத்ததையும் ஊர்க் கல்வெட்டுகள் பதிந்திருக்கின்றன.

பொன் வைத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. மண் சுமந்தவர் பெயர் இல்லை.

வாரியத்துக்குத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி. பெண் கூடாது என்று தனியாக ஒரு வரி தேவைப்படவே இல்லை. ஊர் சதுர்வேதிமங்கலம், உழுத சாதிகளின் ஆண்களும் இந்த வாசலில் நுழைய முடியாது. ஆனால் பெண்கள் கல்வெட்டில் வருகிறார்கள், வேடிக்கையான ஓர் இடத்தில். வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் தகுதியிழப்பார்கள். அந்த உறவுப் பட்டியலைச் சொல்ல சிற்றன்னை, பேரன்னை, அத்தை, உடன்பிறந்தாள் எல்லோரும் வேண்டியிருக்கிறது: இன்னாள் மகன், இன்னாளை மணந்தவன் என்று. ஆண்களை ஒருவரோடொருவர் இணைத்துக் காட்டும் வழியாக மட்டும் அவள் அங்கே இருக்கிறாள்.

உத்திரமேரூர்ப் பக்கத்து உபரிநீர் போய்ச் சேரும் மதுராந்தகம் ஏரிக்கு ஒரு பெயர்பெற்ற கதை உண்டு. 1790-களில் அடிக்கடி உடைந்த கரை ஒரு மழை இரவில் உடையாமல் நின்றது; வில்லேந்திய இருவர் காவல் நின்றதை கலெக்டர் லியோனல் பிளேஸ் கண்டார்; நன்றியாக ஜானகிவல்லித் தாயாருக்குச் சந்நிதி கட்டினார். பிளேஸ் இந்த மாவட்டத்தில் ஏரிகளைச் செப்பனிட்டவர், அது வரலாறு. மீதி ஊர் சொல்வது. கதையில் கடவுளுக்கு இடமுண்டு, துரைக்கு இடமுண்டு, சீதைக்கும் ஒரு சந்நிதி கிடைத்துவிட்டது. அந்தக் கரைக்குக் கூடை கூடையாக மண் கொட்டியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடைந்த கரை நிற்கப் பெண்ணைப் பலி கொடுத்ததாகச் சொல்லும் கதைகள் தமிழகத்தின் பல ஏரிகளுக்கு உண்டு. பலியானால் அம்மன், சுமந்தால் கூலியாள்.

மண் சுமந்தவளை அரசு ஏட்டில் தெளிவாகப் பார்க்க தாது வருடப் பஞ்சம்வரை வரவேண்டும். 1876-78-இல் சென்னை மாகாணம் பட்டினியில் கிடந்தபோது நிவாரணம் என்றால் வேலை: சாலை, கால்வாய், ஏரி. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கு அதற்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிர் தாங்கப் போதாது என்று எதிர்த்தார். பெண்ணின் பசியை ஆணின் பசியைவிடச் சிறியதாக அளந்ததைப் பற்றி அன்று பெரிதாக யாரும் வாதாடவில்லை.

2005-இன் வேலை உறுதிச் சட்டம் கூலியைச் சமமாக்கியது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பல ஊர்களில் அதற்கு ‘ஏரி வேலை’ என்றே பெயர். “வெட்டிவேலை, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்” என்று கேலி பேசுகிறவர்கள், பொன் வைத்துத் தூர்வாரியதாகக் கல்வெட்டு சொல்லும் அதே பணிதான் இது என்பதை யோசிப்பதில்லை. 2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பல ஏரிகள் உடைந்தன. விவாதமெல்லாம் செம்பரம்பாக்கம் மதகைப் பற்றியே நடந்தது. கிராமத்து ஏரிக்கரைகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராக நிலவுடைமை வேண்டும். பட்டா பெரும்பாலும் அப்பா பெயரில், கணவன் பெயரில். ஏரியில் வண்டல் வெட்டும் தலித் பெண்களில் பலர் வீட்டில் எவர் பெயரிலும் இல்லை. 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு வந்தது, நல்லது. ஆனால் 100 ஏக்கருக்கு மேல் பாயும் ஏரிகள் ஊராட்சியின் கையில் இல்லை, நீர்வளத் துறையின் கையில். கார்த்திகையில் வயிரமேக தடாகம் நிரம்பும்போது ஊராட்சித் தலைவி கரைக்கு வரலாம், பார்க்கலாம். மதகைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அவளிடம் இல்லை.