லாங்மியூர்–பிளாட்ஜெட் சாயப் படலம்

நீர்ப்பரப்பில் ஒரு மூலக்கூறு தடிமனில் பரவிய சாயத்தைக் கண்ணாடி போன்ற திண்மத் தளத்தில் அடுக்கடுக்காகப் படியவைத்துப் பெறப்படும் மீமெல்லிய கரிமப் படலம். ஓரடுக்கின் தடிமன் பொதுவாகச் சில நானோமீட்டர்.

ஒளியியல் பண்புகள்: மூலக்கூறுகள் நெருங்கி அமைவதால் அவற்றின் உட்கவர் நிறமாலை கரைசலில் உள்ளதிலிருந்து வேறுபடும். சாய்வாக, தலை–வால் முறையில் அமைந்த ஜே-திரள்களில் உட்கவர் பட்டை குறுகி நெடிய அலைநீளத்துக்கு நகரும், ஒளிர்வு வலுப்பெறும். பக்கவாட்டில் இணையாக அடுக்கிய எச்-திரள்களில் பட்டை குறுகிய அலைநீளத்துக்கு நகரும்; ஒளிர்வு பெரும்பாலும் தணியும்.

வரலாறு: இர்விங் லாங்மியூரின் ஓரடுக்கு ஆய்வுகளைத் தொடர்ந்து கேத்தரின் பிளாட்ஜெட் 1935இல் பல்லடுக்குப் படிவு முறையை விவரித்தார். 1960களில் ஹான்ஸ் கூன் குழுவினர் கொழுப்பு அமில இடையடுக்குகளால் சாயங்களின் இடைவெளியை வரையறுத்து, மூலக்கூறுகளிடை ஆற்றல் கடத்தலை அளந்தனர்.

முக்கியத்துவம்: மூலக்கூறு அமைவுக்கும் ஒளியியல் பண்புக்குமான தொடர்பை ஆராய இப்படலங்கள் முன்மாதிரிகளாக விளங்குகின்றன.