சித்தப்பாவின் ரெய்டும் பன்னிரண்டு ஃபிரேமும்

பென்னாகரத்துல எங்க சித்தப்பா வீட்டு கூடத்துல ஒரு கருப்பு வெள்ளை போட்டோ மாட்டியிருக்கு. முன்வரிசையில நாற்காலி, பின்வரிசையில நின்னுக்கிட்டு, நடுவுல ஒரு கப். எல்லாரும் பனியன். எல்லார் கையும் முட்டி மேல, பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி. இது 1983 பொங்கலுக்கு நடந்த சடுகுடு போட்டியில ரெண்டாம் பரிசு வாங்கின அணி. இவங்க அன்னிக்கு ராத்திரி என்ன விளையாடினாங்கங்கறதுக்கு இந்தப் படத்துல ஒரு அடையாளமும் கிடையாது. காலைல கோயில் கமிட்டி கூட்டம் நடத்தினவங்கன்னு சொன்னாலும் நம்பிடலாம் :-)

சித்தப்பாவுக்கு இந்தப் படத்து மேல ஒரு தீராத கோவம். ஃபைனல்ல கடைசி ரெய்டு அவருடையது. ரெண்டு பேரைத் தொட்டுட்டு திரும்பும்போது நாலு பேர் மேல விழுந்து அமுக்கிட்டாங்க. அதுக்கு நடுவுலயும் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுட்டதா அவர் சொல்றார். நடுவர் இல்லைன்னுட்டார். ஒரு பாயிண்ட்ல கப் போச்சு. நாற்பது வருஷம் தாண்டியும் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில உட்கார்ந்தா இந்தப் பேச்சு வராம இருக்காது. "அவ்வளவு கூட்டத்துல ஒருத்தன் போட்டோ எடுத்திருந்தா போதும்டா தம்பி"ன்னு முடிப்பார்.

ஏன் ஒருத்தரும் எடுக்கலை? இது எனக்கு ரொம்ப நாளா இருந்த கேள்வி. கேமரா இல்லாமலா? குரூப் போட்டோ எடுத்த ஸ்டுடியோக்காரர் அன்னிக்கு ராத்திரி மைதானத்துலதான் இருந்தார்.

கொஞ்சம் பின்னாடி போகணும். ஓடுற ஒண்ணை நிறுத்திப் பிடிக்கிறதுல உலகத்துக்கே வழி காட்டினவர் மைபிரிட்ஜ். 1878-ல கலிஃபோர்னியாவுல பாலோ ஆல்டோவில 12 கேமராவை வரிசையா வெச்சு, குதிரை ஓடும்போது நூல் அறுந்து ஒவ்வொரு ஷட்டரா விழற மாதிரி செஞ்சார். நாலு காலும் தரையை விட்டு எழும்புதுன்னு நிரூபிச்சார். கவனிங்க, ஒரே ஓட்டத்துக்கு 12 கேமரா, நல்ல வெயில், எங்கே ஓடணும்னு முன்னாடியே தெரிஞ்ச பாதை. கிரிக்கெட்டுல ரொம்பப் புகழ்பெற்ற பழைய படம், விக்டர் டிரம்பர் கிரீஸை விட்டு பாய்ஞ்சு வர்றது. அவரே கிரிக்கெட் வீரரான ஜார்ஜ் பெல்டம் எடுத்தது, 1905-ல புத்தகத்துல வந்தது. ஆனா அது மேட்சுல எடுத்ததே இல்லை. டிரம்பரை ஆடிக் காட்டச் சொல்லி எடுத்த படம். அந்தக் காலத்து கேமராவை வெச்சுக்கிட்டு மேட்சுல அவ்வளவு கிட்ட யார் விடுவாங்க?

கிட்ட போக முடியாததுக்கு கண்டுபிடிச்ச பதில்தான் நீளமான லென்ஸ். எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆடுகளத்தைப் பிடிக்கணும்னா 600 எம்.எம். மாதிரி ஒண்ணு வேணும். விளையாட்டு போட்டோன்னா பீரங்கி மாதிரி லென்ஸ்தான் நம்ம மனசுல வருது இல்லையா, அது கிரிக்கெட்டும் கால்பந்தும் நமக்குள்ள பதிய வெச்ச படம். அதுலயும் லென்ஸ் இருந்தா மட்டும் போதாது. இங்கிலாந்துல டெஸ்ட் மைதானத்துக்குள்ள படம் எடுக்கிற உரிமை 1972 வரைக்கும் ரெண்டு ஏஜென்சி கையிலதான் இருந்தது. அது உடைஞ்ச பிறகுதான் பேட்ரிக் ஈகர் மாதிரி ஆட்கள் உள்ளே வர முடிஞ்சது.

எனக்குப் பிடிச்ச கதை ரான் லோவிட்டோடது. 1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியா - வெஸ்ட் இண்டீஸ், கடைசி ஓவர், ஸ்கோர் சமம். 'தி ஏஜ்' பத்திரிகை போட்டோகிராஃபர் லோவிட் கையில மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிளேட். எடுத்துட்டா முடிஞ்சது. அவர் காத்திருந்தார். ஜோ சாலமன் பக்கவாட்டுல இருந்து எறிஞ்ச பந்து நேரா ஸ்டம்பைத் தாக்கி மெக்கிஃப் ரன் அவுட் ஆன நொடி, ஃபீல்டர்கள் எல்லாம் ஆகாயத்துல இருக்கும்போது அழுத்தினார். டெஸ்ட் வரலாற்றின் முதல் 'டை' இன்னிக்கும் நம்ம கண்ணுக்குத் தெரியுறது அந்த ஒரு பிளேட்டால.

அதுக்கப்புறம் கருவிகள் வேகமா வளர்ந்தது. 1959-ல வந்த நிக்கான் எஃப்புக்கு மோட்டார் மாட்டினா வினாடிக்கு மூணு நாலு படம், 36 படச் சுருள் பத்து வினாடி சுமாருக்குக் காலி. 1985-ல மினோல்டா 7000 தானே ஃபோகஸ் பண்ண ஆரம்பிச்சுது. 1999-ல நிக்கான் டி1 வந்து பத்திரிகைக்காரங்க ஃபிலிமை மறக்க ஆரம்பிச்சாங்க. விரிவா எழுதினா கேமரா கம்பெனி கேட்லாக் ஆயிடும்.

பென்னாகரத்துக்கு வர்றேன். 1983-ல இங்கே ஸ்டுடியோக்கள்ல இருந்தது ரெண்டு லென்ஸ் யாஷிகா பெட்டி கேமரா. கழுத்துல மாட்டி, வயித்துக்கு நேரா வெச்சு, மேலேருந்து குனிஞ்சு பார்க்கணும். அந்தக் கண்ணாடியில எல்லாம் இடம் வலமா மாறித் தெரியும். ஆள் வலது பக்கம் பாய்ஞ்சா கண்ணாடியில இடது பக்கம் ஓடுவார். கல்யாணத்துக்கு இது பிரச்சினை இல்லை, மாப்பிள்ளை ஓட மாட்டார் (அனேகமா!). சடுகுடு ரெய்டரை இதுல துரத்திப் பிடிக்கிறது, கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு பின்னால போற பஸ்ஸைப் பிடிக்கிற கதை.

அடுத்து வெளிச்சம். கிரிக்கெட் அப்போ பகல் ஆட்டம், 100 ஏஎஸ்ஏ ஃபிலிமே போதும். சடுகுடு ராத்திரி ஆட்டம். சவுக்குக் கம்பத்துல நாலஞ்சு டியூப் லைட். அந்த வெளிச்சத்துக்கு 400 ஏஎஸ்ஏ ஃபிலிம் போட்டு லென்ஸை எஃப் 4-க்கு திறந்தாலும் ஷட்டர் 1/15 வினாடி பக்கம்தான் கிடைக்கும். பாயுற ஆளை நிறுத்த 1/250-ஆவது வேணும், 1/500 இருந்தா நிம்மதி. 1/15-ல சித்தப்பா புகை மாதிரி வந்திருப்பார்.

ஃப்ளாஷ் இல்லையான்னு கேட்பீங்க. இருந்தது. ஃப்ளாஷ் வெளிச்சம் ஏறத்தாழ ஆயிரத்துல ஒரு பங்கு வினாடிதான், யாரையும் நிறுத்திடும். ஆக, அந்தப் படம் எடுத்திருக்க முடியும். இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. ஒரு தடவை அடிச்சா மறுபடி சார்ஜ் ஏற எட்டு பத்து வினாடி ஆகும், ரெய்டு முழுசுமே முப்பது வினாடி. அதுவும் பரவாயில்லைன்னு வைங்க. உண்மையான காரணம் சுருள்ல இருந்தது. அந்த யாஷிகாவுல ஒரு சுருளுக்கு 12 படம். அந்த 12-ம் யாருக்குன்னு முன்னாடியே முடிவாயிடுச்சு. தலைவருக்கு மாலை, சிறப்பு விருந்தினருக்கு சால்வை, நன்கொடை குடுத்தவர், கப் குடுக்கிறது, வாங்கின அணி, தோத்த அணி. காசு குடுக்கிறவங்க கேட்ட படங்கள். ரெய்டை எடுக்கச் சொல்லி யாரும் காசு குடுக்கலை. லோவிட்டுக்கு ஒரே பிளேட் இருந்தது, ஆனா அதை வெச்சுக்கிட்டு காத்திருக்க அவருக்கு சம்பளம் இருந்தது. எங்க ஊர் ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுல கபடி பதக்க ஆட்டமாச்சு, இந்தியாவுக்குத் தங்கம். 2014-ல புரோ கபடி லீக், மேட், கூசுற விளக்கு, பத்து கோணத்துல கேமரா. அதுக்கு முந்தின எத்தனையோ ஊர் ஆட்டக்காரங்க நாற்காலியில உட்கார்ந்து கப்போட மட்டும் மிஞ்சியிருக்காங்க.

நானும் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தேன். 2009 பொங்கலுக்கு, பக்கத்து ஊர் போட்டி. செகண்ட் ஹேண்ட் டிஜிட்டல் எஸ்எல்ஆர், 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ். கபடிக்கு பீரங்கி வேணாம், களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர்தான். ஐஎஸ்ஓ 1600 வெச்சா 1/250 கிடைச்சுது. முதல் மேட்ச் பூரா பக்கவாட்டுல நின்னு முதுகும் தொடையுமா எடுத்துத் தள்ளினேன். சித்தப்பாதான் கூப்பிட்டு, "ரெய்டு வர்றவன் மூஞ்சி எந்தப் பக்கம் பார்க்கும்? பிடிக்கிறவன் பின்னால போய் உட்காரு. காலைப் பார்க்காதே, இடுப்பைப் பாரு. இடுப்பு திரும்பினா அவன் திரும்பறான்"னார். எந்த கேமரா புத்தகத்துலயும் நான் படிக்காதது.

கடைக்கோட்டுக்குப் பின்னால ரெண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தேன். இருட்டுல ஆட்டோஃபோகஸ் தடுமாறுது, அதை அணைச்சுட்டு பாக் லைன்ல ஃபோகஸைப் பூட்டினேன். எஃப் 1.8-ல தெளிவா விழற ஆழம் ஒன்றரை முழம்தான், அதுக்குள்ள ஆள் வரும்போது மட்டும் அழுத்தணும். நானூறு படத்துல தேறினது நாலு. ஒண்ணுல ஒரு பையன் மூணு பேருக்கு அடியில கிடந்து கையை நடுக்கோட்டுப் பக்கம் நீட்டியிருக்கான். பல்லைக் கடிச்சிருக்கறது வரைக்கும் தெரியுது.

கேமராவோட சின்னத் திரையில சித்தப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோட்டைத் தொட்டானா பாரு. பெருசு பண்ணு."

பெருசு பண்ணினேன். முகம் கத்தி மாதிரி இருந்தது. கையும் கோடும் ஒன்றரை முழத்துக்கு அந்தப் பக்கம், வெறும் மங்கல்.