கிறீன் வைத்தியரும் நாங்கள் தாண்டிப்போகும் பாடமும்

நான் தீவகப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். "சுகமில்லை டீச்சர்" என்று மாதந்தோறும் வராமல் நிற்கும் பிள்ளைகளுக்கு ஹைளைப் பற்றி விளக்கிச் சொல்ல ஆளில்லை. எங்களுக்கு வெட்கம், தமிழில் பேச வார்த்தையில்லை என்று சாட்டு வேறு.

மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1857இலேயே மகப்பேற்று மருத்துவ நூலைத் தமிழில் வெளியிட்டார். வார்த்தை அன்றே இருந்தது.

வெட்கத்துக்கும் மார்க்கத்தில் இடமில்லை. அல்பகரா 222ஆம் வசனம் ஹைளைப் பற்றிய கேள்விக்குப் பதிலாகவே இறங்கியது. மார்க்கத்தை அறிய வெட்கப்படாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா நாயகி (ரலி) பாராட்டினார்கள்.

நெடுந்தீவுப் பெண் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகக் கடல் தாண்ட வேணும். இரத்தப்போக்கு எப்போது ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் நேரத்துக்குப் படகேறலாம். அந்தப் பாடத்தை இனி நான் தாண்டிப்போக மாட்டேன்.