மாம்பலம் ஏரியும் கெளுத்தி முள்ளும்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பேரனைச் சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். மீன்வளத் துறையின் ஏரி. 2016-இல் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "பாட்டி, நம்ம தி.நகர் பக்கம் இந்த மாதிரி ஏரி இல்லையா?"

"நாம இருக்கிறதே ஏரிக்குப் பக்கத்துலதான்டா" என்றேன். அவன் நம்பவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறதே, அங்கே நின்று பார்த்தால் லேக் எங்கே தெரிகிறது என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி.

நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்த நீண்ட ஏரி அது. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். தென்பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்றும் பெயர் உண்டு. படகுப் போட்டி நடக்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்த ஏரி. நகரத்தில் ஜனம் பெருகியது, வீட்டுமனை தேவைப்பட்டது. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் ஏரியின் பெரும்பகுதியை வடித்து மனை போட்டார்கள். அப்போது நீதிக்கட்சி ஆட்சி. பனகல் அரசர் பெயரில் பூங்கா வந்தது, சர் பிட்டி தியாகராயர் பெயரில் நகர் வந்தது. இன்று நீங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்க முண்டியடிக்கும் இடமெல்லாம் ஏரியைத் தூர்த்து வந்த மண்தான்.

வடக்கே மிச்சம் இருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் பிற்பாடு போயிற்று. அந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் எழும்பி 1976-இல் திறக்கப்பட்டது. டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா என்று பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன.

எங்கள் குடும்பத்துக்கு இது மூன்று தலைமுறைக் கதை. தாத்தா முழு ஏரியில் தூண்டில் போட்டவர். அப்பா மிச்ச ஏரியில் போட்டவர். நான் கல் தேரைப் பார்த்தவள்.

அப்பா தூண்டில் வித்தையை விரிவாகச் சொல்வார். மூங்கில் கழி, மயிலிறகுக் காம்பில் தக்கை, மண்புழு. கெண்டை கடித்தால் தக்கை துடிக்கும். கெளுத்தி அடியில் மேய்கிற மீன், சாயங்காலம் ஆனால்தான் வரும். அது கடித்தால் தக்கை ஒரேயடியாக முங்கும். வராலுக்கு மண்புழு போதாது, தவளைக் குஞ்சு வேண்டும். பிடித்த பிறகுதான் கெளுத்தியிடம் ஜாக்கிரதை தேவை. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். மூன்றையும் விறைத்துக்கொண்டு நிற்கும். குத்தினால் கை வீங்கிக் கடுகடுக்கும். அதன் உறவான தேளிக்குப் பெயரே சொல்கிறது பாருங்கள்.

இந்த மீன்களை நம் மக்கள் மட்டுமல்ல, அரசு உத்தியோகத்தில் வந்தவர்களும் கவனித்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில் தமிழ்ப் பெயர்களையும் குறித்துவைத்தார். மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், குளம் ஏரிகளில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் தனிப் புத்தகம் எழுதினார். மீன்வளம் அழிகிறது என்று இந்த இருவரும் அரசுக்கு எடுத்துச் சொன்னவர்கள். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1897-இல் வந்தது. 1907-இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் பொறுப்பில் மாகாணத்துக்கு மீன்வளத் துறையே வந்தது.

நம் தரங்கம்பாடியிலும் ஒரு கதை உண்டு. 1791-இல் டால்டார்ப் என்ற டேனிஷ் அதிகாரி, தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில், பனை மரத்தில் ஒரு மீனைப் பிடித்ததாக எழுதி வைத்தார். அதுதான் பனையேறிக் கெண்டை. உண்மையில் பனை ஏறுமா? காக்கையோ பருந்தோ கவ்விக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். ஆனால் ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி அது நகர்வது நிஜம். அதுவும், வராலும், தேளியும் காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் தண்ணீர் வற்றிய குட்டைச் சேற்றிலும் அவை தாக்குப்பிடிக்கின்றன.

இன்று தூண்டிலில் அதிகம் சிக்கும் ஜிலேபி நம் மீனே அல்ல. ஆப்பிரிக்க மீன், 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. தாய் மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். பிறகு கேட்க வேண்டுமா? ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ கிடைத்த மீனையெல்லாம் தின்றுவிடும். அதை வளர்க்க 2000-இலேயே மத்திய அரசு தடை போட்டது. ஆனாலும் இன்னும் ஒழிந்தபாடில்லை.

இனி, இதை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

1980-களின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், வீடு அடையாற்றங்கரை. மழை விட்ட மறுநாள் இரண்டாம் பீரியடில் வந்தான். நனைந்த டிராயர், மீன் வாடை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கையை நீட்டச் சொன்னேன். இடது கையை நீட்டினான். வலது கையை நீட்டு என்றேன். தயங்கினான். "கெளுத்தி குத்திடுச்சு டீச்சர்" என்றான். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்து, அந்தக் கையிலேயே ஸ்கேலால் இரண்டு போட்டேன். அவன் அழவில்லை. மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே வைத்துக்கொண்டு, "கெளுத்தி குத்தின கையிலயா அடிச்சே?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்ன கதையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வகுப்பறையில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. பாடப் புத்தகத்தில் இல்லாதது எனக்கு அன்று அறிவாகத் தெரியவில்லை.

அவன் திரும்பி வந்த நாளில் கை வீக்கம் வடிந்திருந்தது. "மழைக்கு மீன் ஏறும் டீச்சர், அன்னைக்குத்தான் கிடைக்கும், அதான் போனேன்" என்றான். "சரி, போய் உட்கார்" என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் மன்னிப்புக் கேட்பது அப்போது வழக்கமில்லை.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர். இரண்டாம் நாள் வாசல் கேட் அருகே கறுப்பாக ஒன்று நெளிந்தது. பாம்பு என்று கத்தினேன். பக்கத்து வீட்டுப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "கெளுத்தி ஆன்ட்டி" என்றான். தொடாதே, முள் இருக்கும் என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. மழைக்கு மீன் ஏறும் என்று அவன் சொன்னது அப்போதுதான் எனக்குப் பாடமாயிற்று. முன்பு ஏரியாக இருந்த பள்ளத்தில் வீடு கட்டிக்கொண்டு, தண்ணீர் ஏன் வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் உனக்குத் தெரியும். அன்று நான் அடித்தது தப்பு. நாற்பது வருடம் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வா. பேரனுக்குக் கெளுத்தியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தெருப் பெயரில் ஏரி, குளம், தாங்கல், மடை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அங்கே என்ன மீன் கிடைத்தது என்றும் கேட்டு எழுதுங்கள். இந்த முறை நான் மார்க் போடப்போவதில்லை, படித்துத் தெரிந்துகொள்ளப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்