பிளாஸ்திரி

முழங்காலில் சிராய்ப்பு பட்டால் ஒட்டுவது பிளாஸ்திரி; கொத்தனார் சுவரில் பூசுவது பிளாஸ்டரிங். இரண்டும் ஒரே சொல்தான். வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது: ‘எம்பிளாஸ்ட்ரோன்’, அதாவது மேலே அப்பியது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது மருந்துச் சொல். துணியில் தடவிப் புண்மேல் போடும் களிம்பு. சுவருக்குப் போனது பிறகு.

நம் பாட்டிமார் சுளுக்குக்குப் ‘பத்து’ போடுவார்களே, அது ‘பற்று’ என்பதன் பேச்சு வடிவம். கிரேக்கர் அப்பும் கையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் பற்றிக்கொள்ளும் மருந்தைப் பார்த்து வைத்தோம். எனக்கு நம்முடையதே பிடிக்கிறது.

எலும்பு முறிந்தால் கட்டுப்போட உதவும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பாரிஸ் வந்தது, அந்நகரின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டியெடுத்ததால். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சுட்டால், அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய் வெள்ளைப் பொடியாகும். தண்ணீர் விட்டுக் குழைத்தால் இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறுகும். இறுகும்போது கட்டுக்குள் கால் கதகதக்கும். அந்தக் கட்டுக்கு ‘மாவுக்கட்டு’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அந்தப் பொடியை ஒருமுறையாவது விரலால் தொட்டுப் பார்த்திருப்பார்.